லாபம், ரெண்டு, மூணு

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீடுகளில் வாயால் எண்ணும்போது ஒன்று என்ற எண்ணே கிடையாது. நெய்து மடித்த உருப்படிகளை வியாபாரிக்கு எண்ணிப் போடுகிறபோது முதல் உருப்படிக்கு ‘லாபம்’ என்பார்கள். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு எல்லாம். நெல் அளக்கிறவரும் அப்படித்தான் ஆரம்பிப்பார். முதல் வார்த்தை மங்களமாக இருக்கட்டும் என்று யாரோ எப்போதோ தொடங்கி வைத்தது, யாரும் நிறுத்தவில்லை. தறிக்காரர் அரங்கநாதனின் மூத்த மகள் கமலவேணி எண்ணக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை. வாராவாரம் வீட்டுக் கூடத்தில் அப்பா எண்ணிப் போட, கூடவே உட்கார்ந்து கத்திக் கத்திக் கற்றுக்கொண்டாள்.

பள்ளியில் எழுதச் சொன்னால் ஒன்று என்று எழுதுவாள். வாயால் எண்ணச் சொன்னால் லாபம் என்பாள். வாத்தியாரும் நெசவுக்கார வீட்டுப் பிள்ளைதான், சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

படித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவளுக்கு ராட்டைதான். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டைகளில் நூல் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. சுற்றச் சுற்றத் தறி தின்றுகொண்டே இருக்கும். இதில் ஒரு பெரிய கலை இருப்பதாக வெளியூர்க்காரர்கள் சொல்லக் கேட்டால் அவளுக்கு எரிச்சல் வரும். இடுப்பு வலிக்கும், மூக்கில் பஞ்சு ஏறும், அவ்வளவுதான் அதில் இருந்தது.

பள்ளி இறுதி வகுப்பு முடிந்த வருடம் அவள் அம்மா குடலில் ஆபரேஷன் ஆகி, வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். துணைக்கு இருந்தவள் கமலவேணி. ஒரு நர்ஸ் வந்து, அம்மாவை எழுப்பாமலே, ஒரு பக்கம் புரட்டி, மறுபக்கம் புரட்டி, அழுக்கு விரிப்பை உருவிப் புது விரிப்பைப் போட்டுவிட்டுப் போனாள். அம்மா முனகக்கூட இல்லை. வீட்டில் யார் தொட்டாலும் அலறிய அம்மா. அதைப் பார்த்த அன்றே கமலவேணிக்குத் தான் என்ன ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

தெருவே வாயில் கை வைத்தது. கண்டவர்களின் மலஜலம் எடுக்கிற வேலைக்கா பெண்ணை அனுப்புவது என்றார்கள். அரங்கநாதன் பிடிவாதக்காரர். தெரு வேண்டாம் என்றதாலேயே அவருக்குச் சரி என்று பட்டிருக்கலாம். ஆனால் பஸ் ஏற்றிவிடும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"மொத ஆறு மாசத்துல தலையில கேப் வெப்பாங்களாமே. வெச்சா படி. வெக்காம அனுப்பிட்டாங்கன்னா நேரா வந்து ராட்டையில குந்திடு. மறுபடி எங்கேயும் போறேன்னு கேக்கக் கூடாது."

"சரி நைனா" என்றாள். 1977ஆம் வருடம் அது.

அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளிதான் அது. முதல் ஆறு மாதம் தலை வெறும் தலைதான். வெள்ளை உடை உண்டு, தொப்பி கிடையாது. ஆறு மாத முடிவில் டியூட்டர்கள் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்து, இவள் தேறுவாள் என்று கையெழுத்துப் போட்டால்தான் கேப். போடாவிட்டால் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டு. அவர்களுக்கு டியூட்டராக வாய்த்தவர் இன்பம் சிஸ்டர். பிறந்த குழந்தையைப் பார்த்து வைத்த பெயர், வளர்ந்தபின் யார் மாற்றுவது. கான்வாஸ் ஷூ போட்டுச் சத்தமில்லாமல் நடப்பார். நம் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்பது அவர் பேசினால்தான் தெரியும்.

அந்த வகுப்பில் நோயாளியைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்குத் தூக்கி மாற்றுவது ஒரு குழுப் பயிற்சி. நாலு நாலு பேராகப் பிரித்துவிட்டார்கள். கமலவேணியோடு சேர்ந்தவர்கள் மூன்று பேர். பேர்ணாம்பட்டு சைரா, தோல் மண்டி மேஸ்திரி மகள், எதையும் நிதானமாகச் செய்கிறவள். தேவகிருபை, அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மாவின் மகள், தும்மினாலும் சிரிக்கிற ரகம். ஆம்பூர் டோரதி, பள்ளிக்கூட ஆசிரியர் சுந்தர்ராஜின் மகள், நாலு பேரில் ஒல்லியானவள். ஒல்லி என்பதால் அவள்தான் நோயாளி. கமலவேணிக்குக் கை பலம் ஜாஸ்தி என்று தலைப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். தலைப் பக்கம் நிற்கிறவள்தான் எண்ண வேண்டும். நடுவில் சைரா, கால் பக்கம் தேவகிருபை. மூவரும் கட்டிலின் ஒரே பக்கத்தில் நின்று அடியில் கை கொடுப்பார்கள். முதல் எண்ணுக்குக் கையை இறுக்க வேண்டும். இரண்டாவதுக்குத் தூக்கி நெஞ்சோடு அணைக்க வேண்டும். மூன்றாவதுக்குத் திரும்பி நடக்க வேண்டும்.

முதலில் பொம்மையை வைத்துப் பழகினார்கள். துணி அடைத்த பெரிய பொம்மை, பெண்கள் வைத்த பெயர் பட்டம்மா. பட்டம்மாவை ஒன், டூ, த்ரீ என்று இங்கிலீஷில் எண்ணித் தூக்கினார்கள், ஒரு குறையும் வரவில்லை. பட்டம்மா பயப்படமாட்டாள் என்பதும் ஒரு சௌகரியம்.

டோரதியைத் தூக்க வேண்டிய நாளில் இன்பம் சிஸ்டர் புதிதாக ஒன்று சொன்னார்.

"நாட்றம்பள்ளியிலேர்ந்து வர்ற பெரியவருக்கு ஒன் டூ த்ரீன்னா என்ன தெரியும்? தன்னைத் தூக்கப் போறாங்கன்னு அவருக்கும் தெரியணும் இல்லையா. தமிழ்ல எண்ணுங்க."

நல்ல யோசனைதான். டோரதி மல்லாந்து படுத்து, சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டாள். மூவரும் அடியில் கை கொடுத்தார்கள். ஒண்ணு என்று சொல்லத்தான் கமலவேணி வாயைத் திறந்தாள்.

"லாபம்" என்றாள்.

தேவகிருபைக்குச் சிரிப்பு பீறிட்டது, சிரித்த சிரிப்பில் கைப்பிடி விட்டுப் போயிற்று. இன்னும் எண்ணவே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து சைரா ஒண்ணுக்காகக் காத்திருந்தாள். கமலவேணியின் வாய் மட்டும் பழகிய வேகத்தில் "ரெண்டு" என்று ஓடியது, கையும் கூடவே ஓடியது. தலையும் தோளும் மேலே போக, இடுப்பும் காலும் கட்டிலிலேயே கிடக்க, டோரதி பக்கவாட்டில் சரிந்து, அவர்கள் கால்களுக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் விழுந்தாள். கை மார்பில் கட்டியிருந்ததால் ஊன்ற வழியில்லை. கட்டிலின் இரும்புக் காலில் நெற்றி மோதிப் புருவத்துக்கு மேலே கிழிந்தது. வெள்ளை உடுப்பில் ரத்தம் வழிந்ததைப் பார்த்த பிறகுதான் சைரா உட்கார்ந்து தன் கைக்குட்டையை வைத்து அழுத்தினாள்.

தையல் போட்டு டோரதியை ஹாஸ்டலில் படுக்க வைத்துவிட்டு வந்த இன்பம் சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யார் தப்புன்னு நான் கேக்கப் போறதில்லை. வார்டுல ஆள் விழுந்தா யார் தப்புன்னு தெரிஞ்சு அவருக்கு ஒண்ணும் ஆகப் போறதில்லை. தையல் பிரிச்ச மறுநாள் இதே ரூம்ல, இதே நாலு பேர், அவங்கவங்க நின்ன இடத்துல நின்னு, அதே ஆள் எண்ணி, தூக்கிக் காட்டணும். காட்டலைன்னா உங்க மூணு பேருக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"டோரதி, சிஸ்டர்?" என்று தேவகிருபை மெல்லக் கேட்டாள். சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"அவ படுக்க மாட்டேன்னா விட்டுடுவேன். அவளுக்கு வேற குரூப் குடுப்பேன். விழுந்தவளைக் கட்டாயப்படுத்த முடியுமா?"

ஆக, மூன்று பேரின் கேப்பும் டோரதியின் நெற்றித் தையலில் தொங்கியது. கமலவேணிக்கு, அப்பா ராட்டையைத் துடைத்து வைத்துக் காத்திருப்பதுபோல ஒரு நினைப்பு வந்து வந்து போனது.

அவள் போய் மன்னிப்புக் கேட்டாள். டோரதி தலையில் கட்டோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"டோரதி, நான் வேணும்னு செய்யலை."

"தெரியும். அதான் பயமா இருக்கு" என்றாள் டோரதி. "வேணும்னு செஞ்சிருந்தா, இனிமே செய்யாதேன்னு சொல்லலாம். உனக்கே தெரியாம வர்றதை யார் தடுக்கறது?"

அன்றிலிருந்து டோரதி சாப்பாட்டு ஹாலில் வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

டோரதி சொன்னது எவ்வளவு சரி என்பது கமலவேணிக்குப் போகப் போகத்தான் உறைத்தது. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் உருப்போட்டாள். தனியாகச் சொன்னால் ஒழுங்காக வந்தது. ஆள் இருந்தால், அவசரம் இருந்தால், கையில் ஒரு பொருள் இருந்தால், நாக்கு அதன் இஷ்டத்துக்குப் போனது. மெஸ்ஸில் தட்டு எண்ணி வைக்கச் சொன்னார்கள். முதல் தட்டை வைத்ததும் "லாபம்" என்று வந்துவிட்டது. நாலு மேஜை சேர்ந்து சிரித்தது. டோரதி மட்டும் சிரிக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கமலவேணி பாக்கித் தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய் அழுதாள்.

பின்னாலேயே வந்தது சைராவும் தேவகிருபையும்.

"அழுது இன்னா ஆகப் போவுது. கண்ணைத் தொடை" என்றாள் சைரா. "ஏன் இவ்ளோ பேஜார்? நீ வாயை மட்டும் அசை. தேவா சொல்லட்டும். சிஸ்டர் ஒன் பின்னாடிதானே எப்பவும் நிப்பாங்க. சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு அவங்களுக்கு இன்னா தெரியும்?"

"என் தொண்டையும் உன் தொண்டையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்" என்று தேவகிருபை தைரியம் சொன்னாள். அவளுக்குத் தன் சிரிப்பால்தான் எல்லாம் வந்தது என்று உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

ஊமை நாடகம் மாதிரிதான். நாலு பேருக்கு நடுவில் எடுபடுமா என்று நிதானமாக இருக்கிற யாராவது கேட்டிருப்பார்கள். கமலவேணி நிதானத்தில் இல்லை, சரி என்றாள். சைராதான் டோரதியிடம் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது டோரதியின் பதிலை அப்படியே ஒப்பித்தாள்.

"படுக்கறேன்னு சொல்றா. ஆனா கமலா வாயிலேர்ந்து ஒரு சத்தம் வரக் கூடாதாம். வந்துச்சுன்னா அப்பவே எழுந்து போய்டுவேன்றா."

தையல் பிரித்த மறுநாள் அந்த அறையில் வகுப்பு முழுவதும் சுவரோரம் நின்றது. டோரதி வந்து படுத்தாள். புருவத்துக்கு மேலே தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது. இடது கையை மார்பில் வைத்தாள். வலது கை கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையும் குறுக்காக இருக்க வேண்டும் என்பது விதி. விதியை நினைவுபடுத்த யாருக்கும் வாய் வரவில்லை.

இன்பம் சிஸ்டர் கமலவேணியின் பின்னால் வந்து நின்றார். திட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் என்ன நினைத்தாரோ, கட்டிலைச் சுற்றிச் சத்தமில்லாமல் நடந்து போய், தேவகிருபைக்குப் பக்கத்தில், அவள் தோளை இடிக்காத குறையாக நின்றுகொண்டார்.

"ம். ஆரம்பிங்க."

மூவரும் குனிந்து கை கொடுத்தார்கள். டோரதியின் கழுத்துக்கு அடியில் கமலவேணியின் உள்ளங்கை. அந்தக் கழுத்தில் நாடி அடிக்கிற வேகம் உள்ளங்கைக்குத் தெரிந்தது. தேவகிருபையின் குரல் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தேவகிருபை வாயைத் திறந்தாள், மூடினாள். தோளோரத்தில் டியூட்டரை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவாள்? அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. சைரா தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிக் கமலவேணியைப் பார்த்தாள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. சுவரோரம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

கமலவேணிக்கு ஒரு வழி தெரிந்தது. சட்டென்று தானே எண்ணிவிடலாம். மற்ற இருவரும் சுதாரித்துத் தூக்கிவிடுவார்கள், டோரதி எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், கேப் வந்துவிடும். வாய்வரை வந்துவிட்டது. உள்ளங்கைக்குக் கீழே அந்தக் கழுத்து இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பேசாதே என்று ஒரே ஒரு விஷயம் கேட்டவள், அதை நம்பித்தான் கழுத்தைக் கொடுத்துக் கிடக்கிறாள். கமலவேணியால் முடியவில்லை.

அவள் குனிந்தபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"டோரதி. தேவா சொல்ல மாட்டா. நான்தான் சொல்லணும்."

கட்டிலில் உடம்பு விறைத்தது. கம்பியைப் பிடித்த கை எழுவதற்காக இறுகியது.

"எனக்கு லாபம்னுதான் வரும். ஒண்ணுன்னு வர வெக்க எவ்ளோவோ பாத்துட்டேன், வரலை. இப்பவும் வராது. உனக்கு வேணாம்னா எழுந்துடு. நான் ஊருக்குப் போய்க்கிறேன், ஒன் மேல கோவம் இல்லை." பிறகு மற்ற இருவரையும் பார்த்தாள். "லாபம்னா கையை இறுக்குங்க. ரெண்டுன்னா தூக்குங்க. மூணுன்னா திரும்புங்க. சைரா, ஒண்ணுக்குக் காத்துக்கிட்டு நிக்காதே."

"லாபம்னா இறுக்கணும்" என்றாள் சைரா.

"லாபம்னா இறுக்கணும்" என்றாள் தேவகிருபை. அவள் குரல் அப்போதுதான் திரும்பி வந்தது. சிரிக்கவில்லை.

டோரதி மல்லாந்தபடி தன் முகத்துக்கு மேலே தெரிந்த கமலவேணியின் முகத்தையே பார்த்தாள். எழப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், கமலவேணியும் நினைத்தாள். டோரதி கம்பியை விட்டாள். வலது கையைக் கொண்டுவந்து இடது கையின் மேல் குறுக்காக வைத்தாள். கண்ணை மட்டும் மூடவில்லை.

"லாபம்" என்றாள் கமலவேணி. மூன்று பேர் கையும் இறுகியது. "ரெண்டு." டோரதி ஒரே பலகையாக எழும்பி அவர்கள் நெஞ்சோடு வந்து சேர்ந்தாள். "மூணு." மூவரும் ஒன்றாகத் திரும்பி, ஸ்ட்ரெச்சர்வரை நடந்து, அவளைக் கிடத்தினார்கள். சுவரோரம் நின்றவர்கள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்கள்.

"தேவா சொல்ல மாட்டாள்னா என்ன அர்த்தம்?" என்றார் இன்பம் சிஸ்டர். "தேவா ஏன் சொல்லணும்?"

அவரிடம் அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? மூவரும் மாறி மாறித் திட்டத்தைச் சொல்லி முடித்தார்கள். சைரா தன் யோசனை என்றாள். தேவகிருபை தானும் ஒப்புக்கொண்டதாகச் சொன்னாள். கமலவேணி, எனக்காகத்தான் செய்தார்கள் என்றாள். டோரதி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு விழுந்தது தெரியாம நடந்தது" என்றார் சிஸ்டர். "இது தெரிஞ்சே செய்யப் பாத்தது. எனக்கு இதுதான் பெரிய தப்பு. ஆனா நான் விழலை, விழுந்தவ அவதான்." ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினார். "டோரதி, கையெழுத்து விஷயத்துல நீ சொல்றதைத்தான் நான் கேக்கப் போறேன். கமலவேணி கையில ஒரு நோயாளியை விடலாமா? நல்லா யோசிச்சுச் சொல்லு. தோழிங்கிறதுக்காகச் சொல்லாதே."

"தோழி எல்லாம் இல்லை சிஸ்டர்" என்றாள் டோரதி.

கமலவேணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. குடியாத்தம் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட மனம் போய்விட்டது. டோரதியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மறுபடி என்னைக் கட்டில்ல கொண்டு போய்ப் போடணும் இல்லையா, சிஸ்டர். அதுக்கும் இவளே சொல்லட்டும்."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்து, இந்தத் தடவை கண்ணையும் மூடிக்கொண்டாள். இன்பம் சிஸ்டர் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். மூன்று பேரும் குனிந்து அடியில் கை கொடுத்தார்கள். கமலவேணியின் கண் நிறைந்து கன்னத்தில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை.